தையலில் தப்பில்லை

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அக்கா வீட்டாரும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்டுத்தான் அடுத்த வரியை எழுத வேண்டும், ஆனால் உன் சுகத்தைப் பற்றி நீ சொல்லுகிற பதிலை இனிமேல் நம்புவதாக இல்லை, அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்காகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் சரிப்பா, சரிப்பா, பஸ் கிளம்புதுப்பா என்று மூன்று வார்த்தையில் வைத்துவிடுகிறாய். இதை அப்படி வைக்க முடியாது. நீ திருப்பி அனுப்பிய பேண்ட்டின் வலது பாக்கெட்டில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். பேண்ட்டைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்து முடி.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழை ஒருவழியாக நின்றது. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொண்டு என் கட்டிங்கில் எங்கே கோணல் என்று தேடுவதுதான் இப்போது அவளுக்கு முழுநேர வேலை. பெரிய மிஷினின் பெல்ட் அறுந்து இரண்டு நாள் கடை படுத்துவிட்டது. அக்காவைப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்க மாற்றிவிட்டார்கள், தினமும் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறாள். எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் உன் படத்தைக் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா. நீ கோல் போட்ட வாரம் நம்ம தெருப் பையன், நம்ம தெருப் பையன் என்று நாற்காலியில் உட்கார்ந்தவனிடமெல்லாம் சொல்கிறார், அவனவன் கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி இருப்பதால் அவனும் ஆமாம் என்கிறான். போன மாதம் நீ பெனால்டியை வெளியே அடித்தாயே, அந்த வாரம் உன் படத்தின் மேல் ஒரு துண்டு தொங்கியது. என்னங்க, துண்டு காயப்போட வேற இடமே இல்லையா என்று கேட்டேன். எங்கேயிருந்தோ வந்தவங்களுக்கு இந்த ஊர் ஜெயிக்கணும்கிறது எப்படிங்க ரத்தத்துல வரும் என்றார், என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு உங்களைச் சொல்லலைங்க என்றார். என்னைச் சொல்லவில்லையாம். அப்படியானால் வேறு யாருடைய மகன் பெனால்டி அடித்தான் என்று தெரியவில்லை. இருபது வருடமாக அவர் பேண்ட்டுக்கெல்லாம் இடுப்பைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறவன் நான், அவர் வயிறு எந்த வருடம் எவ்வளவு முன்னால் வந்தது என்பது என் நோட்டில் இருக்கிறது. மறுவாரம் நீங்கள் ஜெயித்ததும் துண்டு இறங்கிவிட்டது. இவர் இப்படி என்றால் உன் சித்தப்பா வேறு மாதிரி. நாம் விட்டு வந்த நாட்டிலிருந்து போன் போட்டு, சொந்த நாட்டுக்கு ஆடாம யாருக்கோ ஆடறானேண்ணே, மனசு ஆறல என்று அழாத குறையாகச் சொன்னான், அதே மூச்சில் ஜெர்சி நாலு வேணும், ரெண்டு பெரிய சைஸ் என்றான். அங்கே அவனுக்கு நீ ஓடிப்போனவன் மகன், இங்கே இவருக்கு நீ வந்து ஒட்டிக்கொண்டவன் மகன், நடுவில் பந்து உருண்டுகொண்டே இருக்க வேண்டும். இருவருக்கும் வேறு வேலை கிடையாது, நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே.

போன மாதம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்துபோனாளே, அவள் எழுதியது வந்திருக்கிறது, அக்கா படித்துக் காட்டினாள். அன்றைக்கு அந்தப் பெண் கடைக்குள் வந்ததும் முகம் விழுந்துவிட்டது. கடை சுத்தமாக இருக்கிறது, சுவரில் வெள்ளை அடித்திருக்கிறது, நான் சட்டையை உள்ளே விட்டு ஷூ போட்டிருக்கிறேன், இதையெல்லாம் வைத்துக்கொண்டு அவள் எதை எழுதுவாள். சின்ன வயசுல பந்து வாங்க முடியாம ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரே, துணியை உருட்டிக் கட்டித்தானே விளையாடினார் என்று அவளே கேள்வியும் கேட்டு அவளே பதிலும் எழுதிக்கொண்டாள். என் கடையில் ஒரு துண்டுத் துணியை வீணாக்கியிருந்தால் இவன் முதுகுத்தோல் உரிந்திருக்கும், இவனுக்கு நான் தோல் பந்து வாங்கிக் கொடுத்தேன், அதை வைத்து இவன் டிரயல் ரூம் கண்ணாடியை உடைத்தான், சட்டம் மட்டும் இன்னும் பரணில் கிடக்கிறது, எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா. வீடு தேடி வந்த பெண் ஏமாந்து போகிறாளே என்று பரிதாபப்பட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனவள், லைனிங் துணி வெட்டியதில் மிச்சம் விழுந்ததையெல்லாம் உருட்டி, மேலே நூலைச் சுற்றி, பத்து நிமிடத்தில் ஒரு பந்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டாள். இப்போது அது முழுப் பக்கத்துக்குப் படமாக வந்திருக்கிறது, உன் முதல் பந்து என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அந்த லைனிங் துணி போன வருடம்தான் மார்க்கெட்டுக்கே வந்தது. படித்தவர்கள் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்களாம்.

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கிளப்பில் எல்லோரும் பயணத்துக்கு ஒரே நிறத்தில் கோட்டும் பேண்ட்டும் போட வேண்டும், உன் தொடைக்கு அவர்கள் தைக்கிற பேண்ட் ஏறாது என்று ஒவ்வொரு வருடமும் துணியை எனக்கு அனுப்புவாய், நான் நோட்டில் இருக்கிற அளவுக்குத் தைத்து அனுப்புவேன். இந்த வருடமும் அனுப்பினேன். அதை நீ திருப்பி அனுப்பிவிட்டு, வலது கால் கரெக்டா இருக்கும்மா, இடது கால் மட்டும் தொளதொளன்னு இருக்கு, அப்பா எங்கேயோ தப்பு பண்ணிட்டார் என்று அம்மா போனுக்குச் செய்தி அனுப்பினாய். இடது தொடைப் பக்கம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஊக்கு வேறு குத்தியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பது வருடமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறேன், நீதிபதிக்குத் தைத்திருக்கிறேன், ஒரு தோள் சரிந்த கல்யாண மாப்பிள்ளையை நேராக நிற்கிற மாதிரி காட்டியிருக்கிறேன், இரண்டு கால் இரண்டு அளவு என்று ஒருத்தன் வாயிலிருந்தும் வந்ததில்லை, பெற்ற பிள்ளை வாயிலிருந்து வருகிறது. கோபத்தை உன் மேல் காட்ட நீ இல்லை, அம்மாதான் இருந்தாள். புதுக் கண்ணாடி போட்டும் இந்த லட்சணமா என்றேன். வெட்டினது நீங்க, கோடு போட்டது நீங்க, நான் கோட்டு மேலதான் ஓட்டினேன் என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவள் ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட அக்காவுக்குப் போன் செய்து, உங்கப்பாகிட்ட உப்பு எங்கே வெச்சிருக்கார்னு கேளு என்றாள், நான் அடுத்த அறையில் இருக்கிறேன்.

ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் பேண்ட் முழுவதையும் பிரித்துப் போட்டேன். தப்பு கட்டிங்கிலா தையலிலா என்று அவள் முகத்துக்கு நேராகக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்புதான், வேறொன்றுமில்லை. இடது கால் துணியை வலது கால் துணி மேல் விரித்து நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினேன். ஒரு நூல்கூட முன்னே பின்னே இல்லை. பார்த்தியா, என் கட்டிங்கில் தப்பில்லை என்றேன். என் தையல்லயும் தப்பில்லை என்றாள் அவள், ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் நின்றோம். அப்புறம் அவள் மெதுவாக, துணி சரின்னா அப்போ எதுங்க தப்பு என்று கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கு ஒன்று தெரிந்திருக்காது. தையல்காரன் ஒரு காலைத்தான் அளப்பான். நானும் எல்லோருக்கும் வலது தொடையை மட்டும் அளந்து நோட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதுவேன், இரண்டு காலையும் அதே அளவில் வெட்டுவேன், மனிதனுக்கு இரண்டு காலும் ஒன்றுதான் என்று நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அது பொய்யாகிப் போனதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு லாரி டிரைவர் முட்டியில் அடிபட்டு நாலு மாதம் அந்தக் காலை ஊன்றாமல் இருந்துவிட்டு வந்தார், அந்தத் தொடை மட்டும் சூம்பிப் போயிருந்தது. நீ ஊக்குக் குத்தியிருந்த துளைகளை வைத்து அளந்தேன். உன் இடது தொடை சுற்றளவில் ஒன்றரை இஞ்ச் குறைவு.

அதற்குப் பிறகு உன் ஆட்டத்தையெல்லாம் அக்கா போனில் திரும்பப் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இடது காலால் அடிக்கிறவன் நீ, கண்ணாடியை உடைத்ததும் அந்தக் கால்தான். இப்போது எல்லாப் பந்தையும் வலது காலுக்கு மாற்றி மாற்றி அடிக்கிறாய். அதைப் பார்த்து டிவியில் பேசுகிற மேதாவி, மூன்று வருடமாக உன் பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன், ஆகா, இரண்டு காலாலும் ஆடக் கற்றுவிட்டார், இதுதான் வளர்ச்சி என்று புல்லரித்துப் போகிறான். பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்குவதைக் காட்டினார்கள். எல்லோரும் தடதடவென்று இறங்குகிறார்கள், நீ மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம் அடுத்த படிக்குப் போகிறாய், அக்கா மகள் மாடிப்படி இறங்குகிற மாதிரி. அவளுக்கு இரண்டு வயது. ஊரே உன்னைப் பார்க்கிறது, லட்சம் பேர் கத்துகிறார்கள், ஒரு பயலுக்கும் இது கண்ணில் படவில்லை.

உனக்குப் போன் செய்தேன், துணி சுருங்கியிருக்கும்பா என்றாய். ஒரு கால் மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி சுருங்குகிற துணியை நான் பார்த்ததில்லை. பிறகு அக்கா உன்னை அதட்டிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது, அவள் என்னிடம் சொன்னதற்கு அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நாலு மாதமாக முட்டி வலியாம். ஆட்டத்துக்கு முன்னால் ஊசியாம், அதுவும் கிளப் டாக்டர் போடுகிற ஊசி இல்லை, உன் ஏஜெண்ட் கூட்டிவருகிற ஆள் போடுவதாம். உள்ளே கிழிந்திருக்கலாம், இன்னொரு தரம் பிசகினால் முட்டி திரும்ப வராது என்று அந்த ஆளே சொன்னானாம், சொல்லிவிட்டு ஊசியையும் போட்டானாம். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், அதை முழுக்க ஆடிவிட்டால் திங்கட்கிழமை கிளப் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும், அதுவரை மூச்சு விடாதே என்று ஏஜெண்ட் சொன்னாராம். நாங்கள் வீட்டில் அவரை சென்ட்டுக்காரர் என்றுதான் சொல்வோம், ஒருமுறை கடைக்கு வந்துபோனார், மூன்று நாளைக்கு வாடிக்கைக்காரர் துணியெல்லாம் மணத்தது. உங்க பையன் பையனே இல்லைங்க, மிஷின் என்று அன்றைக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மிஷினுக்கு நான் வாராவாரம் எண்ணெய் போடுகிறேன், சத்தம் மாறினால் உடனே நிறுத்திப் பிரித்துப் பார்க்கிறேன். அந்த மனுஷனுக்கு ஒரு பழைய மிஷினைக்கூட நான் இரவல் கொடுக்க மாட்டேன், அவர் கையில் உன்னை ஒப்படைத்திருக்கிறேன்.

எல்லோரையும் திட்டிவிட்டேன், இன்னும் ஒருவர் பாக்கி. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆயத்த ஆடை பாக்டரியில் வேலை பார்த்தேன், ஊசி விரலுக்குள் போய் முறிந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு பதினோரு நாள் தைத்தேன், ஒரு நாள் லீவு போடவில்லை என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ காய்ச்சல் என்று பிராக்டீஸுக்குப் போகாமல் படுத்தபோதெல்லாம் அந்த விரலை உன் மூக்குக்கு நேராக நீட்டினேன். வந்த இடத்துல உடம்பு முடியலைன்னு சொல்லக் கூடாது, சொன்னா நாளைக்கு அந்த இடத்துல வேற ஆள் என்று பாடம் நடத்தினேன். கதையின் மீதியை உனக்குச் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் இன்றைக்குத்தான் சொன்னேன். நான் கடை போட்டு ஆறு வருடம் கழித்து அந்த பாக்டரியின் மேஸ்திரி ஒரு பேண்ட்டுக்குக் கால் மடிக்க வந்தார். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. நான்தான் பெருமையாக விரலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் மடங்காத அந்த விரலைப் பார்த்துவிட்டு, அட, ஏன்யா சொல்லல, மேல் மாடியில நர்ஸ் ஒருத்தி நாளெல்லாம் சும்மாதானே உட்கார்ந்திருந்தா, மாடிப்படிகிட்ட போர்டு மாட்டியிருந்ததே என்றார். அந்த போர்டு எனக்கு நினைவிருந்தது. தினமும் அதன் கீழேதான் என் சாப்பாட்டு டப்பாவை வைப்பேன். இந்த ஊர் எழுத்து எனக்கு அப்போது படிக்க வராது, மேலே போகக் கூடாது என்று போட்டிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன், யாரிடமும் கேட்கவும் பயம். பதினோரு நாள் தைத்தது வீரம் இல்லை, முட்டாள்தனம், அதைத்தான் உனக்குச் சீதனமாகக் கொடுத்து வளர்த்திருக்கிறேன். எனக்காவது படிக்கத் தெரியாது. உனக்கு இந்த ஊர் எழுத்து தெரியும், டாக்டர் அறை எங்கே என்று தெரியும், அவர் உன்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறார், நீ என்னைவிடப் பெரிய முட்டாளாக இருக்கிறாய்.

அதனால் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆடாதே. பார்சல் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சத்தியம் செய்கிறார். வந்த உடனே இந்தப் பேண்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கிளப் டாக்டரிடம் போ. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாதே, பேண்ட்டை விரித்து மேஜை மேல் போடு, அவருக்கு என்னைவிட நன்றாக அளக்கத் தெரியும். கையெழுத்து போய்விடும் என்கிறாய், போகட்டும். ஆடிவிட்டுக் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் கையெழுத்து நல்ல முட்டிக்கு என்று நினைத்துத்தான் அவர்கள் போடுவார்கள், இல்லாத முட்டியை விற்றவன் என்ற பெயர் உனக்கு வேண்டாம். எதிர்க்கடைக்காரர் படத்தைக் கிழித்துப் போடட்டும், சித்தப்பா ஜெர்சி இல்லாமல் இருக்கட்டும், நீ சம்பாதித்தால்தான் இந்த வீட்டில் விளக்கு எரியும் என்று ஒருநாளும் இருந்ததில்லை. நீ பந்து உதைக்காவிட்டால் யார் என்று கேட்கிறவர்களிடம் தையல்காரர் மகன் என்று சொல்லிக்கொள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பேண்ட்டை நீ கேட்ட மாதிரியே இடது காலில் ஒன்றரை இஞ்ச் பிடித்துவிட்டோம், அம்மாதான் தைத்தாள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தைத்தாள். ஆனால் உள்ளே ஒரு நூல் அளவு துணியைக்கூட வெட்டவில்லை, பிடித்ததெல்லாம் அப்படியே மடித்து உள்ளே இருக்கிறது, தடவிப் பார். தையலும் பெரிய தையலாகத்தான் போட்டிருக்கிறோம், கால் தேறி வந்ததும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் பிரிந்துவிடும். படி இறங்கும்போது கம்பியை விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஊசிக்காரனை அறைக்குள் விடாதே. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த நிமிடமே அம்மாவுக்குப் போன் செய், எனக்கு வேண்டாம், நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். நீயும் உன் இரண்டு காலும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம். நோட்டில் உன் பக்கத்தில் முதல்முறையாக இரண்டு தொடைக்கும் தனித்தனியாக அளவு எழுதியிருக்கிறேன், வலதைப் பேனாவால், இடதைப் பென்சிலால்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டுவதற்கு உரிமையுள்ள,
அப்பா